உஷார்! ‘பிரைவேட்’ பிரவுசர் என்றதும் கண்ணை மூடிவிடாதீர்கள்

‘பிரைவேட்’ என்று பெயரெடுத்த பிரேவ் பிரவுசரில் ஒருவர் பைனான்ஸ் டாட் யுஎஸ் என்று டைப் செய்கிறார். கிரிப்டோ வாங்கி விற்கும் தளம் அது. என்டர் தட்டுகிறார். பக்கம் திறக்கும்போது அட்ரஸ் பாரில் அவர் அடிக்காத ஒரு வால் ஒட்டிக்கொண்டிருக்கிறது: ‘ரெஃப்’ என்ற எழுத்துகள், பக்கத்தில் ஒரு நம்பர். அது கமிஷன் கோடு. அவர் அங்கே கணக்குத் தொடங்கி வியாபாரம் செய்தால் பிரேவ் கம்பெனிக்குப் பங்கு போகும்.

2020 ஜூனில் இதைப் போட்டு உடைத்தவர் ஒரு சாதாரணப் பயனர், ட்விட்டரில். பிரவுசரின் சோர்ஸ் கோடு எல்லாருக்கும் திறந்திருப்பதால் மற்றவர்களும் உள்ளே புகுந்து பார்த்தார்கள். காயின்பேஸ், லெட்ஜர், ட்ரெஸார் பெயர்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. தலைவர் பிரெண்டன் ஐக் தவறுதான் என்று ஒப்புக்கொண்டார், கம்பெனி அதை நிறுத்தியது. ஐக் சாமானியர் அல்ல. ஜாவாஸ்கிரிப்ட்டை உருவாக்கியவர், மொசில்லாவைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்த வால் உங்கள் பெயரையோ நம்பரையோ யாருக்கும் சொல்லவில்லை என்பதும் உண்மை. ஆனால் நான் அடித்த முகவரியை என்னைக் கேட்காமல் மாற்றுகிற பிரவுசர், வேறு எதையெல்லாம் கேட்காமல் செய்யும்?

கேட்காமல் செய்தது அது ஒன்று மட்டுமல்ல. 2023 அக்டோபரில், விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் பிரேவின் விபிஎன் சர்வீஸ்கள் தாமாகவே இறங்கி உட்கார்ந்திருப்பதைப் பயனர்கள் கவனித்தார்கள். காசு கட்டி விபிஎன் வாங்காதவர்களின் கம்ப்யூட்டரிலும்தான். வாங்கும்வரை அது வேலை செய்யாது என்று பதில் வந்தது. இருக்கட்டும், யாரைக் கேட்டு வைத்தீர்கள்?

இவையெல்லாம் காசு விஷயம். இன்னொன்று ஆளையே மாட்டிவிடக்கூடியது. பிரேவில், ஆளை அடையாளம் காட்டாமல் மறைக்கும் டோர் நெட்வொர்க் வசதியோடு ஒரு பிரைவேட் விண்டோ உண்டு. அதில், டோர் வழியாக மட்டும் திறக்கும் ஆனியன் தளம் ஒன்றைத் திறந்தால், இன்டர்நெட் கனெக்ஷன் கொடுக்கும் கம்பெனிக்குக்கூடத் தெரியக் கூடாது. 2021 பிப்ரவரியில் வெளியே வந்த செய்தி: தெரிந்திருக்கிறது. விளம்பரத் தடுப்புக்காகச் சேர்த்த ஒரு புதிய வசதி, தள முகவரிகளை டோருக்கு வெளியே, முகவரி தேடித் தரும் சாதாரண டிஎன்எஸ் வழியாக விசாரித்துக்கொண்டிருந்தது. உள்நோக்கம் இல்லாத பிழைதான், சரிசெய்தும் விட்டார்கள். ஆனால் அடக்குமுறை நாட்டில் உட்கார்ந்து எழுதும் ஒரு பத்திரிகையாளர் அந்த விண்டோவை நம்பியிருந்தால், பிழை என்ற விளக்கம் அவருக்கு எந்த விதத்தில் உதவும்?

பிரேவ் மட்டும்தான் இப்படியா? பிரைவசிக்குப் பெயர்போன டக்டக்கோவையும் பாருங்கள். 2022 மே மாதம் ஸாக் எட்வர்ட்ஸ் என்ற ஆய்வாளர் அதன் மொபைல் பிரவுசரைச் சோதித்தார். கூகுள், ஃபேஸ்புக் டிராக்கர்கள் நின்றன. மைக்ரோசாஃப்டின் பிங், லிங்க்ட்இன் பக்கம் போகும் தகவல் மட்டும் தங்குதடையின்றிப் போனது. காரணம், டக்டக்கோவின் தேடல் முடிவுகளுக்கும் விளம்பரங்களுக்கும் மைக்ரோசாஃப்டோடு ஓர் ஒப்பந்தம் இருந்தது. எல்லா டிராக்கரையும் நாங்கள் தடுப்பதாகச் சொல்லவே இல்லை என்ற ரீதியில் விளக்கம் வந்தது. ஆகஸ்டில் தடுப்பை விரிவுபடுத்தினார்கள்.

இத்தனையிலும் ஒரு விஷயம் உறுத்துகிறது. ஒருமுறைகூடக் கம்பெனி தானாக முன்வந்து சொல்லவில்லை. வெளியே இருந்து ஒருவர் கண்டுபிடித்த பிறகுதான் விளக்கமும் திருத்தமும்.

அப்படியானால் குரோமுக்கே திரும்பிவிடலாமா? அவசரப்படாதீர்கள். 2020-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் டக்ளஸ் லீத் ஆறு பிரவுசர்களை ஒப்பிட்டார். எதையும் மாற்றாமல் அப்படியே ஓடவிட்டால், ஒவ்வொன்றும் தன் தாய்க் கம்பெனிக்கு என்ன அனுப்புகிறது என்பதுதான் சோதனை. பிரேவ்தான் மிகக் குறைவாகக் காட்டிக்கொடுத்தது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி அடுத்த வரிசை. எட்ஜும் யாண்டெக்ஸும் கடைசி. ஆகவே என் கணக்கு இது: பயன்படுத்தலாம், நம்பிக்கையை மட்டும் கடனாகக் கொடுக்க வேண்டாம்.

இன்றே பிரேவின் செட்டிங்ஸைத் திறந்து, பிரைவசி பகுதியில் தகவல் சேகரிப்பு என்ற இடத்துக்குப் போங்கள். ‘பி3ஏ’ என்ற பயன்பாட்டுக் கணக்கெடுப்பும், தினமும் கம்பெனிக்குப் போகும் ஒரு சிக்னலும் நீங்கள் கேட்காமலே ஆன் ஆகியிருக்கும். இரண்டையும் அணையுங்கள். புதிய டேபில் வரும் ஸ்பான்சர் படங்களையும் நிறுத்துங்கள். பெரிய அப்டேட் வரும்போதெல்லாம் இன்னொரு தடவை எட்டிப் பாருங்கள். உயிருக்கோ வேலைக்கோ ஆபத்து வரக்கூடிய சமாச்சாரமா? தனியாக டோர் பிரவுசரையே போட்டுக்கொள்ளுங்கள். பிரேவே அதைத்தான் சொல்கிறது. என்ன பிரவுசர் வைத்திருந்தாலும், கூகுள் கணக்கில் லாகின் செய்த பிறகு கூகுளுக்கு நீங்கள் யாரென்று தெரியும்.

புதிதாக இறக்கப் போகிறவர்கள் இன்னும் உஷார்! 2021 ஜூலையில் கூகுள் விளம்பரம் வழியாகவே ஒரு போலி பிரேவ் தளம் ஆள் பிடித்தது. முகவரியில் ஒரே ஒரு வித்தியாசம், ஆங்கில ‘ஈ’ எழுத்தின் தலையில் துளியூண்டு புள்ளி. ஸ்க்ரீனில் ஒட்டியிருக்கும் தூசி என்றுதான் தோன்றும். அங்கே இறக்கிய ஃபைலுக்குள், கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்கும் மால்வேர் இருந்தது. தேடலில் மேலே வரும் விளம்பர லிங்கைத் தொடாதீர்கள். போனில் என்றால் பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோர், கம்ப்யூட்டரில் என்றால் முகவரியை நீங்களே டைப் செய்து இறக்குங்கள்.