தாங்கியைத் தெரிவு செய்வது யார்?

வீட்டுக்கு மழைநீர்த் தாங்கி கிடைக்கப் போகிறது என்றால் நாம் கேட்கும் முதற் கேள்வி, "எத்தனை லீற்றர்?" என்பதுதான். எந்த வகைத் தாங்கி என்று கேட்போர் குறைவு. அதை மேசனோ நிறுவன உத்தியோகத்தரோ தீர்மானித்து விடுகின்றனர். அவ்வாறு தீர்மானித்தவர்களுள் நானும் ஒருத்தி.

2014 ஆம் ஆண்டு, சமூகவியல் படித்து வெளியேறிய புதிதில், பூநகரிப் பக்கக் கிராமம் ஒன்றில் பணியாற்றினேன். அங்கே ஓர் அக்கா. கணவர் காணாமல் போனவர். அவருக்கு மிதிவெடியில் ஒரு கால் போய், செயற்கைக் கால் பூட்டியிருந்தார். ஏழாம் ஆண்டு படிக்கும் மகளே துணை. கிணற்று நீர் உவர். செலவு குறைவு என்று சொல்லி அவருக்கு நிலத்துக்குக் கீழே செங்கல் தாங்கி கட்டிக் கொடுத்தோம். படமும் எடுத்துக்கொண்டு வந்தோம்.

அடுத்த மாரிக்குப் பின் போனபோது அவர் சொன்னார்: "தாங்கி நல்லாத்தான் கிடக்குது தங்கச்சி. ஆனால் குனிஞ்சு அள்ள எனக்கு ஏலாது. பிள்ளைதான் அள்ளி வைச்சிட்டுப் பள்ளிக்கூடம் போறாள். ஆர் அள்ளுறது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையே."

பிள்ளை பள்ளிக்கூடத்திற்குப் பிந்திப் போவதற்கு எமது தாங்கியே காரணமாக இருந்தது. பின்னர் கைப்பம்பி ஒன்று பொருத்தினோம். முதலிலேயே கேட்டிருந்தால் அந்த ஒட்டு வேலை தேவைப்பட்டிராது.

நம் நாட்டில் 1990களின் நடுப்பகுதியில் பதுளை, மாத்தறை மாவட்டங்களில் 5000 லீற்றர் தாங்கிகள் இரு வகையாகக் கட்டப்பட்டன. ஒன்று நிலக்கீழ்ச் செங்கல் தாங்கி. மற்றது நிலத்தின் மேல் பூசணிக்காய் வடிவில் கட்டும் பெரோசீமெந்துத் தாங்கி. இன்று பிளாஸ்டிக் தாங்கியும் சேர்ந்து மூன்று வகை நம் முன் உள்ளன.

நிலக்கீழ்த் தாங்கியில் நீர் குளிர்மையாக இருக்கும்; வளவில் இடமும் மிஞ்சும். ஆனால் வெடிப்பு ஏற்பட்டால் கண்ணுக்குத் தெரியாது. அதன் வழியே உவர் நீரும் மலசலகூடக் குழியின் அழுக்கும் உள்ளே கசியலாம். மரவேரும் சுவரைப் பிளக்கும். மாரியில் நிலத்தடி நீர் உயரும் இடங்களில் வெறுந்தாங்கியை அந்நீர் மேலே தள்ளிவிடும். நீச்சல் தடாகம் கட்டுவோருக்கும் இதே தொல்லை உண்டு. மூடி சரியில்லையெனில் சிறு பிள்ளைகளுக்கு ஆபத்து.

பெரோசீமெந்துத் தாங்கி, கம்பியும் கோழிவலையும் கட்டி அதன்மேல் சீமெந்துக் கலவை பூசுவது. சுவர் ஓர் அங்குலத்திற்குச் சற்றுக் கூடுதலான தடிப்பே. குழாயைத் திறந்து நின்றபடியே நீர் பிடிக்கலாம். கசிவு உடனே தெரியும். நாமே பூசித் திருத்தலாம். ஆனால் வேலை தெரிந்த கை வேண்டும். கடல் மணலையோ உவர் நீரையோ கலவைக்குச் சேர்த்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும். பூசிய பின் குறைந்தது ஏழு நாள் ஈரச் சாக்குப் போட்டு நனைத்து வர வேண்டும். இந்த நனைப்பில்தான் பலர் ஏமாற்றப்படுகிறார்கள். பக்கத்தில் நின்று பாருங்கள்.

பிளாஸ்டிக் தாங்கி ஒரே நாளில் பொருத்தக்கூடியது. ஆனால் வெடித்தால் திருத்துவது கடினம். உறுதியான, மட்டமான அடித்தளம் வேண்டும். 1000 லீற்றர் நீர் 1000 கிலோ என்பதை மறக்க வேண்டாம். இதன் பெரிய நன்மை, கழற்றிக் கொண்டு போகலாம் என்பது. காணி உறுதி கையில் இல்லாத சகோதரிகள் இதைக் கவனத்தில் எடுக்க வேண்டும். நாளை எழும்பச் சொன்னால், கட்டிய தாங்கி நம்முடன் வராது.

அளவைக் கணக்கிடுவது கடினமன்று. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர். 550 சதுர அடி வீட்டின் கூரை ஏறத்தாழ 50 சதுர மீற்றர். 200 மில்லிமீற்றர் மழை பெய்தாலே 10,000 லீற்றர் விழும். சிந்திச் சிதறியது போகவும் 5000 லீற்றர் தாங்கி நிரம்பிவிடும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லீற்றர் என்றால், நால்வருக்கு 20 லீற்றர். 5000 லீற்றர் 250 நாளுக்குப் போதும். குளிப்புக்கும் துவைப்புக்கும் இந்நீரை எடுத்தால் கோடை தாங்காது.

எவ்வகையானாலும் சில விடயங்கள் பொது. புதிய சீமெந்துத் தாங்கியின் முதல் நீரைக் குடிக்காமல் வெளியேற்றுங்கள். ஒவ்வொரு மாரியிலும் பீலியையும் கூரையையும் கழுவிய முதல் மழையை உள்ளே விடாதீர்கள். வெளிச்சம் புகாத மூடி போடுங்கள். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும். வாய்களுக்கு நுண்வலை கட்டுங்கள். இல்லையேல் டெங்கு நுளம்பை நாமே வளர்த்தவர்களாவோம். குடிநீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டே பருகுங்கள்.

இப்போது நான் பயனாளிப் பட்டியலோடு போகும்போது மூன்று கேள்விகளை முதலில் கேட்கிறேன். நீர் எடுப்பவர் யார். அவருக்குக் குனிய முடியுமா? இந்தக் காணி உங்கள் பெயரில் உள்ளதா? பழுதானால் திருத்துவது யார்?

உங்கள் வீட்டுக்குத் தாங்கி தருவதாக யாரேனும் வந்தால், அவர்கள் கேட்கும்வரை காத்திராதீர்கள். நீங்களே இவற்றைச் சொல்லுங்கள். தனியே சொல்லத் தயக்கமெனில் மாதர் சங்கக் கூட்டத்தில் சொல்லுங்கள். இலவசமாகக் கிடைப்பதற்கு எப்படிக் குறை சொல்வது என்று எண்ண வேண்டாம். அந்த அக்காவும் அப்படி எண்ணித்தான் ஒரு மாரி முழுவதும் பேசாதிருந்தார். அந்த மாரி முழுவதும் தண்ணீர் அள்ளியது அவர் மகள்.