கல்லாவும் தொப்பையும்

மளிகைக் கடைக்காரரின் தொப்பையைப் பார்த்து, "வியாபாரம் நன்றாக நடக்கிறது போலும்!" என்று சொல்வது நம்மிடையே வழக்கம். நாமும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்கிறோம். மருத்துவர்களோ அதைப் பற்றுப் பக்கத்தில்தான் எழுதுகின்றனர்.

குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடக்கும் சரக்கு அல்ல. அதிலிருந்து கசியும் பொருள்கள் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடுவதில்லை. இரத்தத்தில் சர்க்கரை தேங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது, இருதயக் குழாய்கள் கெடுகின்றன. முழங்காலும் தப்புவதில்லை. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் தாங்கும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடிப் பேர். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் எடை மிகுந்தவர்கள் என்று 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு கூறுகிறது.

1953-ல் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் பஸ் ஊழியர்களை ஆராய்ந்தார். மாடிப் பஸ்ஸில் ஏறி இறங்கிய கண்டக்டர்களை விட, உட்கார்ந்தே இருந்த டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம். பின்னர் சீருடைக் கணக்கைப் பார்த்தால், டிரைவர்களின் கால்சட்டை இடுப்பளவும் பெரிது! இளம் வயது டிரைவர்களுக்கே அப்படி இருந்ததால், பழி முழுவதையும் இருக்கையின் மீது போட முடியாது. ஆனாலும் நம் கடையில் டிரைவர் யார், கண்டக்டர் யார் என்று சொல்லத் தேவையில்லை. கல்லாவை விட்டு எழாமல், "தம்பி, அந்த மூட்டையை எடு" என்பவர் நாம்தானே!

நோய் வந்துவிட்டால் செலவு ஒரு முறையோடு தீராது. மாத்திரை தினமும், மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை சர்க்கரையின் சராசரிப் பரிசோதனை, ஆண்டுதோறும் கண், சிறுநீரகம், பாதம். இவற்றைத் தள்ளிப்போட்டவர்தான் பிறகு டயாலிசிஸுக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் போகிறார். அன்று கடையை யார் பார்ப்பது? கடை ஊழியருக்கு இ.எஸ்.ஐ. இருக்கலாம், முதலாளிக்குக் கிடையாது. மருந்துச் சீட்டை விட, சாத்திய கதவால் வரும் நட்டமே பெரிது. வாடிக்கையாளர் நான்கு நாள் பார்ப்பார்; பிறகு அடுத்த கடையில் பற்று வைத்துக்கொள்வார்.

தையற்கடை டேப் ஒன்று போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதற்கு மேல் என்றால் சர்க்கரையும் அழுத்தமும் பார்த்துவிடுவது நல்லது. ஒல்லியானவர்களுக்கும் சர்க்கரை வருவதுண்டு. அவர்கள் இதைப் படித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட வேண்டாம்.

எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு பங்கு குறைந்தாலே பலன் தெரியும். எண்பது கிலோ உள்ளவருக்கு அது நாலைந்து கிலோதான். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, அழுத்தப் பரிசோதனை இலவசம். வெறும் வயிற்றில் பார்க்க வேண்டியிருப்பதால், கடை திறந்ததும் குடிக்கும் முதல் டீக்கு முன்பே போய்விட வேண்டும்.