எண்ணினால் 1,000 தூண் வருமா? சிதம்பரம் ராஜசபையில் சாமி வருஷத்துக்கு 2 நாள் மட்டும் எழுந்தருளுவது ஏன்?

சிதம்பரம்:

சிதம்பரம் நடராஜர் கோவிலுக்குப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஆயிரங்கால் மண்டபம்னு சொல்றாங்களே, நிஜமாவே ஆயிரம் தூண் இருக்கா?" என்பதுதான் அது.

சமீப வருஷங்களில் இன்னொரு கேள்வியும் சேர்ந்து கொண்டது. "கனகசபை, கனகசபைனு பேப்பர்ல போடுறாங்களே, அது எந்த மண்டபம்?" சிலர் ஆயிரங்கால் மண்டபத்தையே கனகசபை என்று நினைத்துக் கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. ஒன்று சிறுசு, ஒன்று பெருசு. ஏன் அப்படி என்று தெரிந்து கொண்டால் இந்தக் கோவிலின் கதையே பாதி புரிந்து விடும்.

ஒரே கோவிலில் 5 சபை

சிதம்பரம் கோவில் சுமார் 40 ஏக்கரில் விரிந்து கிடக்கிறது. இதற்குள் 5 சபைகள் இருக்கின்றன.

முதலாவது சித்சபை. சிற்றம்பலம் என்பது இதுதான். நடராஜரும் சிவகாமசுந்தரி அம்மனும் இருப்பது இங்கேதான். சிதம்பர ரகசியமும் இங்கேதான். மேலே பொன் ஓடு வேய்ந்திருக்கிறது.

2-வது கனகசபை. பொன்னம்பலம் என்றும் சொல்வார்கள். சித்சபைக்கு நேர் எதிரே, ஒட்டினாற்போல் இருக்கிற சின்ன மண்டபம். தினசரி 6 கால பூஜையில் ஸ்படிக லிங்கத்துக்கு அபிஷேகம் நடப்பது இங்கேதான். கல் கோபுரங்களுக்கு நடுவே இந்த 2 சபைகள் மட்டும் மரத்தால் ஆனவை.

3-வது தேவசபை. இதற்குப் பேரம்பலம் என்றும் பெயர். திருவிழாவில் வீதி உலா வரும் உற்சவ மூர்த்திகள் இருக்குமிடம் இது.

4-வது நிருத்தசபை. கல்லிலே தேர் மாதிரி செதுக்கிய மண்டபம். சக்கரம், குதிரை எல்லாம் உண்டு. காளியோடு போட்டி போட்டு சிவன் காலைத் தூக்கி ஆடிய இடம் இது என்பது ஐதீகம்.

5-வதுதான் ராஜசபை. அதாவது ஆயிரங்கால் மண்டபம். கிழக்கு கோபுரம் வழியாக உள்ளே போனால் வலது கை பக்கம், சிவகங்கை குளத்துக்குக் கிழக்கே இருக்கிறது.

இங்கே இன்னொரு குழப்பமும் வரும். மதுரை வெள்ளி சபை, நெல்லை தாமிர சபை, குற்றாலம் சித்திர சபை, திருவாலங்காடு ரத்தின சபை, சிதம்பரம் பொற்சபை என்று சொல்வது தமிழ்நாடு முழுக்க இருக்கிற ஐந்து சபைகள். அது வேற கணக்கு. சிதம்பரம் கோவிலுக்குள்ளேயே இருக்கிற 5 சபை வேற கணக்கு.

மண்டபம் எதுக்கு?

எந்தக் கோவிலிலும் மூலவர் இருக்கும் கருவறை சின்ன அறைதான். அங்கே பத்து பேர் நின்றாலே நெருக்கடி. பழைய காலத்தில் கோவில்கள் சின்னதாக இருந்தபோது அது பெரிய குறையாகத் தெரியவில்லை. சோழர் காலத்தில் திருவிழாக்கள் பெருகின. சாமி வெளியே வந்து வீதி சுற்ற ஆரம்பித்தார். ஊர் ஊராக ஜனங்கள் வந்து கூடினார்கள்.

சாமி வெளியே வந்தால் உட்கார இடம் வேண்டும். அபிஷேகம் செய்ய இடம், அலங்காரம் செய்ய இடம், ஊஞ்சல் ஆட இடம், திருக்கல்யாணம் நடத்த இடம். பாட்டு, கூத்து, புராணம் படிக்கவும் இடம் தேவை. இப்படி ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மண்டபம் முளைத்தது. 4 கால் மண்டபம், 16 கால் மண்டபம், நூற்றுக்கால் மண்டபம் என்று வளர்ந்து கடைசியில் ஆயிரங்கால் மண்டபத்தில் வந்து நின்றது.

கருவறை சாமிக்கு. மண்டபம் ஜனங்களுக்கு. சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்.

தூண் ஏன் இத்தனை?

"இத்தனை தூணை நட்டு வச்சா சாமி தெரியுமா? தூணைக் குறைச்சிருக்கலாமே" என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். பதில் கல்லிலேயே இருக்கிறது.

கருங்கல்லின் மேல் எவ்வளவு பாரம் ஏற்றினாலும் தாங்கும். அதனால்தான் தூணுக்கு அது பொருத்தம். ஆனால் அதே கல்லை இரண்டு தூண்களின் மேல் படுக்கப் போட்டு நீட்டிக் கொண்டே போனால், சொந்த பாரத்திலேயே நடுவில் விரிசல் விட்டு உடைந்து விடும். வளைவதைக் கல் தாங்காது. இன்றைய கல்யாண மண்டபங்களில் கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி வைத்துக் கட்டுகிறார்கள். அந்தக் கம்பிதான் நடுவில் தூண் இல்லாமல் கூரையைத் தாங்க வைக்கிறது. அன்றைக்குக் கம்பி கிடையாது. அதனால் சில அடிக்கு ஒரு தூண் நட்டே ஆக வேண்டும்.

மண்டபம் பெருசாக ஆக, தூணும் பெருகும். அழகுக்காக மட்டும் நட்டதல்ல. தூண் இல்லையென்றால் கூரையே இல்லை.

தூண் உச்சியில் இரண்டு பக்கமும் கை விரித்தாற்போல் ஒரு கல் இருக்கும். அதற்கு போதிகை என்று பெயர். அதன் மேல் உத்திரம். உத்திரத்தின் மேல் பலகை மாதிரி கூரைக் கல். போதிகை இரண்டு பக்கமும் நீண்டு உத்திரத்தைத் தாங்கிப் பிடிப்பதால், இடைவெளியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். நடுவே சாமி வருவதற்கு அகலமான பாதை விட வேண்டும் என்றால் இந்த மாதிரி வித்தையெல்லாம் தேவைப்பட்டது.

இதில் இன்னொரு ஆச்சரியம். சிதம்பரம் வண்டல் மண் பூமி. தோண்டினால் மண்ணும் தண்ணியும்தான். பக்கத்தில் கல் மலை கிடையாது. அத்தனை கல்லும் வெளியூரில் வெட்டி இங்கே கொண்டு வரப்பட்டவை. லாரியும் கிரேனும் இல்லாத காலம். அதை இழுத்து வந்த மாடுகளுக்கும் ஆட்களுக்கும் இங்கே சிலை கிடையாது. தூண்கள்தான் அவர்கள் பெயரைச் சொல்கின்றன.

எண்ணிப் பார்த்தவர் கணக்கு

சரி, ஆயிரம் இருக்கிறதா?

19-ம் நூற்றாண்டில் இந்தியக் கட்டிடக் கலை பற்றி எழுதிய ஜேம்ஸ் பெர்குசன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இந்த மண்டபத்துக்கு ஒரு கணக்கு சொல்லியிருக்கிறார். முகப்பில் 24 வரிசை, உள்ளே நீளவாக்கில் 41 வரிசை. பெருக்கினால் 984. இதில் சாமிக்கு நடு இடம் விடுவதற்காகச் சில தூண்களை நடாமல் விட்டிருக்கிறார்கள். அதைக் கழிக்க வேண்டும். முன்புறம் வெளியே இருக்கிற தூண்களைக் கூட்ட வேண்டும். கழித்துக் கூட்டினால் ஏறத்தாழ ஆயிரம் வந்து விடும் என்பது அவர் கணக்கு.

மண்டபத்தின் நீளம் சுமார் 340 அடி. அகலம் சுமார் 190 அடி. பரப்பளவு கிட்டத்தட்ட ஒன்றரை ஏக்கர். வரிசைக் கணக்கோடு பொருத்திப் பார்த்தால் ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் சுமார் 8 அடிதான் வருகிறது. கல் தாங்கும் தூரம் அவ்வளவுதான்!

மற்ற ஊர்களிலும் 'ஆயிரம்' என்பது கண்டிப்பான எண்ணிக்கை அல்ல. மதுரை மீனாட்சி அம்மன் கோவில் ஆயிரங்கால் மண்டபத்தில் இருப்பது 985 தூண்கள். ஸ்ரீரங்கத்தில் 953 தூண்கள் என்கிறார்கள். ஆயிரம் என்றால் 'எண்ணி மாளாது' என்று அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கட்டியவர்கள் யார்?

ராஜசபை பிற்காலச் சோழர் காலத்தைச் சேர்ந்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள். இதே கோவிலில் நூற்றுக்கால் மண்டபமும் இருக்கிறது. அதைக் கட்டியவர் மணவில் கூத்தன் என்ற நரலோகவீரன். முதலாம் குலோத்துங்கன், விக்கிரம சோழன் ஆகிய 2 ராஜாக்களிடம் தளபதியாக இருந்தவர்.

சிதம்பரம் கோவில் கல்வெட்டு இவர் செய்த திருப்பணிகளை வரிசையாகச் சொல்கிறது. மாசிமகத்துக்கு சாமி கடலுக்குப் போக பாதை போட்டு, கடற்கரையில் மண்டபமும் கட்டியவர் இவர். பண்ருட்டி பக்கத்தில் உள்ள திருவதிகை கோவிலிலும் இவரது திருப்பணி உண்டு. மாசிமகத்துக்குக் கிள்ளைக்கும், கடலூர் தேவனாம்பட்டினத்துக்கும் இன்றும் சாமிகள் வருகின்றன. 900 வருஷத்துக்கு முந்தைய பழக்கம் இது.

12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தை அரங்கேற்றியது இந்த ஆயிரங்கால் மண்டபத்தில்தான் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அந்தப் புராணத்தில் வருகிற 63 பேரில் ராஜா உண்டு, வண்ணார் உண்டு, குயவர் உண்டு, மீனவர் உண்டு. கோவிலுக்குள் வர முடியாமல் வெளியே தவித்த ஆதனூர் நந்தனாரும் உண்டு. வாசலில் நின்றவரின் கதை, ராஜா முன்னிலையில் பெரிய சபையில் சொல்லப்பட்டது என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

வருஷத்துக்கு 2 நாள்

நடராஜருக்கு வருஷத்தில் 6 அபிஷேகம். சித்திரை, ஆவணி, புரட்டாசி, மாசி ஆகிய 4 மாதங்களில் கனகசபையில் நடக்கும். ஆனி, மார்கழி ஆகிய 2 மாதங்களில் மட்டும் ராஜசபையில் நடக்கும். ஆனித் திருமஞ்சனம், ஆருத்ரா தரிசனம் என்பவை இவைதான்.

மற்ற கோவில்களில் மூலவர் அசைய மாட்டார். உற்சவர்தான் வெளியே வருவார். சிதம்பரத்தில் மூலவர் நடராஜரே தேர் ஏறி வீதிக்கு வருகிறார். 9-ம் நாள் தேரோட்டம். விநாயகர், முருகன், நடராஜர், அம்மன், சண்டிகேஸ்வரர் என 5 தேர் 4 ரத வீதியும் சுற்றும். வடம் பிடிப்பவர்களில் மூட்டை தூக்குபவரும் உண்டு, வயல் வேலையை விட்டு விட்டு வந்தவரும் உண்டு.

தேர் நிலைக்கு வந்ததும் சாமி சித்சபைக்குத் திரும்ப மாட்டார். நேராக ஆயிரங்கால் மண்டபத்துக்குப் போவார். ராத்திரி அங்கேதான். மறுநாள் விடியும் முன்பே மகா அபிஷேகம் தொடங்கும். பால், தயிர், தேன், இளநீர், சந்தனம், விபூதி என்று குடம் குடமாக நடக்கும். பிறகு அலங்காரம், அர்ச்சனை. பிற்பகலில்தான் தரிசனம். சாமியும் அம்மனும் முன்னும் பின்னுமாக நடனம் ஆடியபடி சித்சபைக்குத் திரும்புவார்கள். அதைப் பார்க்கத்தான் லட்சக்கணக்கில் கூட்டம்.

சித்சபையில் சாமி வீட்டில் இருக்கிறார். ராஜசபையில் ராஜாவாகக் கொலு இருக்கிறார். ராஜா கொலுவில் இருந்தால் குடிமக்கள் வந்து பார்க்கலாம் அல்லவா? அதுதான் இந்த மண்டபத்தின் வேலை.

சின்ன சபையும் பெரிய சபையும்

கனகசபை விவகாரம் இங்கேதான் புரியும். அது சின்ன இடம். அதில் ஏறினால் சாமிக்கு வெகு பக்கத்தில் நிற்கலாம். கொரோனா காலத்தில் பக்தர்கள் ஏறுவது நிறுத்தப்பட்டது. 2022-ம் ஆண்டு மே மாதம், பக்தர்கள் கனகசபையில் நின்று தரிசனம் செய்யலாம் என்று தமிழக அரசு அரசாணை போட்டது. 2023-ம் ஆண்டு ஆனித் திருமஞ்சனத்தின்போது 4 நாள் ஏறக்கூடாது என்று வைக்கப்பட்ட அறிவிப்புப் பலகையை அதிகாரிகள் அகற்றியதில் பெரும் தகராறு. கோர்ட்டு வரை போனது. கூட்டமும் பூஜையும் உள்ள நாளில் இடம் போதாது என்பது தீட்சிதர்கள் தரப்பு. எல்லோருக்கும் உரிமை உண்டு என்பது எதிர்த்தரப்பு.

பெரிய சபைக்கும் சர்ச்சை வந்தது. 2019-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஆயிரங்கால் மண்டபத்தில் ஆடம்பர அலங்காரத்தோடு ஒரு வசதியான வீட்டுக் கல்யாணம் நடந்தது. படங்கள் வெளியானதும் பக்தர்கள் கொதித்துப் போனார்கள்.

கோவிலில் கல்யாணம் நடப்பது தப்பா என்று கேட்கலாம். தப்பே இல்லை. கடலூர் பக்கம் திருவந்திபுரம் தேவநாதசாமி கோவிலில் முகூர்த்த நாள் என்றால் கல்யாணத்துக்கு மேல் கல்யாணம் நடக்கும். பெரிய மண்டபம் பிடிக்க வசதி இல்லாத எத்தனையோ குடும்பத்துக்கு அந்த மலைதான் கல்யாண மண்டபம். அங்கே எவரும் முகம் சுளிப்பதில்லை.

ராஜசபை கதை வேறு. சாமியே வருஷத்துக்கு 2 தடவைதான் அங்கே வந்து கொலு இருக்கிறார். வருகிற ஜனங்களுக்காகக் கட்டிய இடம் அது. மற்ற நாட்களில் ஏழைக்குத் திறக்காத கதவு, பணக்காரருக்கு மட்டும் எப்படித் திறந்தது என்பதுதான் அன்றைக்கு எழுந்த கேள்வி.

அடுத்த தடவை போகும்போது...

ஆனியிலோ மார்கழியிலோ சிதம்பரம் போகிறவர்கள் கூட்டத்தில் சாமி தெரியவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம். பக்கத்துத் தூணைக் கொஞ்சம் பாருங்கள். தொட்டுப் பாருங்கள். மலை இல்லாத ஊருக்கு இழுத்து வந்த கல் அது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே கூரையின் கீழ் நிற்க வேண்டும் என்பதற்காக 8 அடிக்கு ஒன்றாக நட்டது.

சின்ன சபையில் இடம் கிடைக்காதவர்களுக்காகவே சாமி எழுந்து வருகிற பெரிய சபை இது. கையெடுத்துக் கும்பிட்டு விட்டு வந்தால் போதும். எண்ணிக்கை ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு குறைந்தாலும் பரவாயில்லை!