கண்ணாடிக்கு அவசரம் ஆகாது

அன்று ஆடி வெள்ளிக்கிழமை. வாசலில் கோலம் போட்டு, பூஜையை முடித்துவிட்டு, மணி செய்ய உட்கார்ந்தேன். மறுநாளைக்குள் நாற்பது மணிகள் கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன். மனசெல்லாம் அவசரம். கண்ணாடிக் குச்சியை எடுத்தேன், நேரே சுடருக்குள் நுழைத்தேன். "டப்" என்று பட்டாசு போல ஒரு சத்தம்! பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் இளைய மகள், "அம்மா!" என்று அலறி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

நல்லவேளை, சில்லு கண்ணில் படவில்லை. கண்ணுக்குக் கீழே, கன்னத்தில் கடுகளவு காயம். அரை அங்குலம் மேலே பட்டிருந்தால்? இன்றைக்கு நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. "இந்த வேலையே வேண்டாம், பர்னரை எடுத்துப் பரணில் போடு" என்றார் என் கணவர். அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் மணி விற்ற காசில்தான் மூத்தவளின் கல்லூரிக் கட்டணம் கட்டியிருக்கிறேன். அதை எப்படி விடுவது?

எங்கள் ஊர் அன்னவாசல். பக்கத்தில்தான் ஓவியங்களுக்குப் பேர்போன சித்தன்னவாசல். எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக்கும் கண்ணாடி மணிக்கும் உறவு பழையது. பொற்பனைக்கோட்டையில் 2023-இல் தொல்லியல் துறையினர் தோண்டியபோது கண்ணாடி மணிகளும் வளையல் துண்டுகளும் கிடைத்தன. புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் செய்த மணிகள் கப்பலேறிக் கீழை நாடுகளுக்குப் போயிருக்கின்றன. அங்கே கண்ணாடியைக் குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி மணி செய்தார்கள். நான் செய்வது வேறு முறை. பர்னர் சுடரில் பென்சில் கனத்துக் குச்சியை உருக்கி, களிமண் பூசிய எஃகுக் கம்பியில் தேன் சுற்றுவது போலச் சுற்ற வேண்டும். ஆறியபின் கம்பியை உருவினால் துளையோடு மணி வந்துவிடும். உத்தரப் பிரதேசத்தில் புர்தில்நகரிலும் காசியிலும் குடும்பம் குடும்பமாக இந்தத் தொழிலைச் செய்கிறார்கள்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் என் சித்தப்பா. திருச்சியில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடி ஊதும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விஷயம் கேள்விப்பட்டு மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டார். பேத்தியின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்:

"ஏன் தாயி, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கண்ணாடி டம்ளரில் கொதிக்கிற காபியை ஊத்துவியா?"

"ஊத்தமாட்டேன் சித்தப்பா, விரிஞ்சுடுமே!"

"அதைத்தானே இங்கே செஞ்சிருக்கே!"

ஏன் வெடிக்கிறது?

கண்ணாடிக்குள் சூடு மெதுவாகத்தான் இறங்கும். சுடர் பட்டதும் குச்சியின் மேல்பரப்பு விரிகிறது. உள்ளே இருக்கும் குளிர்ந்த பகுதியோ விரியாமல் அப்படியே நிற்கிறது. வெளிப்புறம் இழுக்க, உட்புறம் பிடிக்க, நடுவில் கண்ணாடி தாங்காமல் தெறிக்கிறது. கண்ணாடி அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. முன்பே கீறலோ, நுண்ணிய விரிசலோ இருந்தால் வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும்.

"நீங்க ஆய்வுக்கூடத்துல குழாயைச் சட்டுனு தீயில காட்டுவீங்களே, அது வெடிக்கலையே?" என்று கேட்டேன். அது போரோசிலிகேட் கண்ணாடியாம். நம் ஜன்னல் கண்ணாடி விரிவதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் அது விரியும். மணிக்கான குச்சிகள் சீக்கிரம் உருகும் வகை, அதிகம் விரியும் வகை. அதனால்தான் அவற்றிடம் நிதானம் வேண்டும்.

வெடிக்காமல் இருக்க

சித்தப்பா சொன்னதையும், நான் கைப்பட அறிந்ததையும் சகோதரிகளுக்குச் சொல்கிறேன்.

1. குச்சியை முதல் நாளே கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். ஈரக் குச்சி கூடவே கூடாது. வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். நுனியில் விரிசல் தெரிந்தால் அரத்தால் கீறி, அந்தப் பகுதியை ஒடித்து எடுத்துவிடுங்கள்.

2. அடுத்து எடுக்கப்போகும் குச்சிகளின் நுனியைச் சூடான இரும்புத் தட்டில் சாய்த்து வையுங்கள். நான் பழைய தோசைக்கல் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிட்டேன். அதில் பிறகு தோசை வார்க்கக் கூடாது.

3. குச்சியைச் சுடருக்குள் நுழைக்காதீர்கள். சுடர் முடிகிற இடத்துக்கும் அப்பால், அனல் மட்டும் படும் தூரத்தில், விரல்களால் உருட்டிக்கொண்டே காட்டுங்கள். உள்ளே ஒரு கணம், வெளியே ஒரு கணம். நான் வாய்விட்டு முப்பது வரை எண்ணுவேன். பிறகுதான் அங்குலம் அங்குலமாக நெருங்குவேன். கனமான குச்சிக்கு இன்னும் அதிக நேரம்.

4. நுனி உங்கள் முகத்தையோ, பக்கத்தில் இருப்பவரையோ பார்க்கக் கூடாது.

5. வேலை முடிந்ததும் குச்சியின் நுனியில் பெரிய உருண்டையை விட்டுவிடாதீர்கள். சூடாக இருக்கும்போதே இழுத்து மெல்லியதாக்குங்கள். உருண்டை ஏறுக்குமாறாக ஆறி, அடுத்த முறை தீயில் காட்டியதும் வெடிக்கும். அன்று என் கையில் இருந்தது அப்படி ஒரு குச்சிதான்! சுடு குச்சியைக் குளிர்ந்த இரும்பிலோ ஈரத்துணியிலோ வைக்கவும் கூடாது.

6. செய்த மணியையும் மெல்ல ஆற விடுங்கள். தோட்டக் கடையில் கிடைக்கும் வெர்மிகுலைட்டைச் சூடாக்கி அதில் புதைத்து வைப்பது ஒரு வழி. சூளையில் ஐந்நூறு டிகிரியை ஒட்டிய சூட்டில் வைத்து, படிப்படியாகக் குறைப்பதுதான் சிறந்த வழி.

7. இரண்டு விதக் கண்ணாடியை ஒரே மணியில் கலக்காதீர்கள். விரிவது வேறு வேறாக இருந்தால், பார்க்க அழகாக இருந்தாலும் இரண்டு நாளில் விரிசல் விடும்.

உடம்பைக் காக்க

கண்ணாடி அணியாமல் பர்னர் பக்கம் போகாதீர்கள். தெறிக்கும் சில்லைத் தடுக்க, பக்கவாட்டிலும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். உருகும்போது எழும் மஞ்சள் ஒளி கண்ணைக் கூச வைக்கும். அதைத் தடுக்கவே டிடிமியம் கண்ணாடி என்று ஒன்று கிடைக்கிறது. நைலான் புடவை வேண்டாம், பருத்திதான். தலைப்பை இழுத்துச் செருகி, கூந்தலை முடிந்துகொள்ளுங்கள். காலில் மூடிய செருப்பு இருக்கட்டும். கூரைக் கொட்டகையில் இந்த வேலை ஆகாது. ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். மேசைமேல் தகரம் விரியுங்கள். குழந்தைகள் அந்த அறைக்குள் வரவே கூடாது. இதை நான் காயம் பட்ட பிறகுதான் கற்றேன். நீங்களாவது முன்பே கற்றுக்கொள்ளுங்கள்.

குச்சி வெடித்தால் சில்லைப் பிடிக்கக் கையை நீட்டாதீர்கள். காஸை மூடிவிட்டு, எல்லாம் ஆறும்வரை அசையாமல் இருங்கள். பிறகு துடைப்பத்தால் கூட்டி எடுங்கள்.

கண்ணில் ஏதாவது பட்டால் கசக்கக் கூடாது. குத்தி நிற்கும் துண்டை நாமே பிடுங்கவும் கூடாது. கண்ணை அழுத்தாதபடி ஒரு காகிதக் கப்பால் மூடி, உடனே கண் மருத்துவரிடம் போங்கள். சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். ஐஸ், மை, பற்பசை, மாவு எதுவும் வேண்டாம்.

இந்த வித்தை மணி செய்பவர்களுக்கு மட்டுமல்ல. கைக்குழந்தைக்குக் கண்ணாடிப் பால் புட்டி வைத்திருக்கும் இளம் தாய்மார்கள், அதைக் கொதிக்கிற தண்ணீரில் சட்டென்று போடாமல், பச்சைத் தண்ணீரில் வைத்துச் சேர்த்துச் சூடாக்க வேண்டும். எடுத்த சூட்டோடு குளிர்ந்த மேடைமேல் வைக்கவும் கூடாது. குச்சிக்கும் புட்டிக்கும் ஒரே நியாயம்தான்.

அந்த நாற்பது மணிகளை நான் இரண்டு நாள் தாமதமாகத்தான் கொடுத்தேன். வாங்க வந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. என் மகளின் கன்னத்தில் அந்தக் கடுகளவுத் தழும்பு இன்னும் இருக்கிறது. தினமும் பர்னரைப் பற்ற வைக்கும்போது கதவுக்கு வெளியே நின்று அவள் குரல் கொடுக்கிறாள்: "அம்மா, எண்ண ஆரம்பிச்சாச்சா?"

"ஒண்ணு... ரெண்டு..." என்று எண்ணிக்கொண்டே குச்சியை உருட்டுகிறேன்.