பிஞ்சு உடலை அறிந்த கரங்கள்

குழந்தைக்கும் புற்றுநோய் வருமோ என்று வியப்போர் இன்னும் நம்மிடையே உளர். வரும். 19 வயது வரையுள்ள பிள்ளைகளுள் ஆண்டுதோறும் சுமார் 4 இலட்சம் பேர் உலகெங்கும் இந்நோய்க்கு ஆளாகின்றனர். செல்வ நாடுகளில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் குணமடைகின்றனர். வறிய நாடுகள் பலவற்றிலோ 30 பேர்கூடத் தேறுவதில்லை.

கருவியின்மை ஒரு காரணம் என்பது மெய்யே. 2022ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் 20க்கும் மேற்பட்ட நாடுகளில் கதிர்வீச்சு சிகிச்சை வசதி அறவே இல்லை. ஆனால் கருவி வந்து இறங்கிவிட்டால் போதுமா?

சிறுமூளையில் தோன்றும் மெடுல்லோபிளாஸ்டோமா என்னும் கட்டியை எடுத்துக்கொள்வோம். அறுவை செய்து கட்டியை அகற்றிய பின்னும், அதன் அணுக்கள் மூளையைச் சூழ்ந்த நீரில் மிதந்து தண்டுவடம் வரை பரவியிருக்கலாம். ஆதலால் 3 வயது கடந்த பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தலை முழுவதும், முதுகு நெடுகிலும் கதிர் பாய்ச்சுவர். வாரம் 5 நாளாக ஏறத்தாழ 6 வாரம். கண்களைக் காக்க வைக்கும் தடுப்பு சற்றே மிகுந்துவிட்டால், மூக்கின் கூரையாய் அமைந்த சல்லடை எலும்பை ஒட்டிய பகுதி கதிர் படாமல் தப்பிவிடும். நோய் அங்கிருந்தே மீண்டும் தலைதூக்கக்கூடும். முதுகிலோ, வளரும் பிள்ளையின் எலும்பு முழு அகலமும் சீராகக் கதிர் பெறவேண்டும். ஒரு பாதி பெற்று மறுபாதி பெறாவிடில், எலும்பு ஒருபுறமே வளர்ந்து முதுகு கோணிவிடும். முழுவதும் பெற்றால் உயரம் குறையலாம், ஆனால் கோணாது. பெரியவர்களுக்கே சிகிச்சை அளித்துப் பழகிய மருத்துவர் இவற்றைத் தனியே கற்றாக வேண்டும்.

நாலு வயதுப் பிள்ளை தனியறையில் அசையாது கிடக்குமா? நாள்தோறும் மயக்க மருந்து தேவைப்படும். ஆகவே மயக்க மருத்துவர், செவிலியர், கதிரின் அளவைக் கணக்கிடும் இயற்பியலார் என ஒரு குழுவே பயிற்சி பெறவேண்டும். ஓர் இளம் மருத்துவரை மட்டும் மேல்நாட்டுக்கு அனுப்பிவைக்கும் வழக்கம் நமக்கு நிறைவளிக்கவில்லை. அவர் அங்கேயே தங்கிவிடுவதும் உண்டு. திரும்பி வந்தாலும் தனியாள்.

நம் குடும்பங்கள் புனித யூதா ததேயுவை நன்கறியும். லெபனான் வழிவந்த கத்தோலிக்க நடிகர் டேனி தாமஸ், அப்புனிதருக்குச் செய்த பொருத்தனையை நிறைவேற்ற 1962இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றை நிறுவினார். அதன் துணையோடு உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஒரு திட்டம் வகுத்தது. 2030க்குள் இந்நோயுற்ற பிள்ளைகளுள் 60 விழுக்காட்டினரையேனும் பிழைக்கச் செய்வது அதன் இலக்கு. மருத்துவர்க்கும் செவிலியர்க்கும் பயிற்சி தருவது அதில் ஒரு பகுதி.

பயிற்சிக்குக் கடல் கடந்தே ஆகவேண்டும் என்பதில்லை. ஜோர்டான் நாட்டு மன்னர் ஹுசைன் 1999இல் புற்றுநோயால் மறைந்தார். அம்மான் நகரின் புற்றுநோய் மையம் 2002இல் அவர் பெயரை ஏற்றது. அங்குள்ள மருத்துவர்கள் 2004இல், கனடாவின் டொராண்டோ நகரக் குழந்தைகள் மருத்துவமனை வல்லுநருடன் திரைவழியே கூடிப் பேசத் தொடங்கினர். மூளைக்கட்டி கொண்ட பிள்ளைகளின் படங்களை இருபுறத்தாரும் ஒருங்கே நோக்கி, அறுவை முதல் கதிர் வரை யாவற்றையும் ஆராய்ந்தனர். முதலில் வகுத்த திட்டத்தின் முக்கியப் பகுதியே அக்கூட்டங்களில் மாறிய பிள்ளைகளும் உண்டு. மாறிய திட்டத்தை நிறைவேற்றியவர்கள் அம்மானின் மருத்துவர்களே.