ரீபோர் செய்த ஆர்எக்ஸ் 100... முதல் 500 கி.மீ. ஏன் முக்கியம்? பிஸ்டன் ஜாம் ஆகாமல் தடுப்பது எப்படி?

யமஹா ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996-லேயே நின்றுவிட்டது. ஆனாலும் அதன் மவுசு குறையவே இல்லை. பழைய வண்டியை வாங்கி, சிலிண்டரை ரீபோர் செய்து, புது பிஸ்டன் போட்டு ஓட்டுபவர்கள் ஏராளம்.

ஆனால், மெக்கானிக் கடையிலிருந்து எடுத்த கையோடு முறுக்கினால்? பிஸ்டன் ஜாம் ஆகலாம். செய்த செலவு வீண். ஓடும்போது பின்சக்கரம் லாக் ஆனால் உயிருக்கே ஆபத்து.

ஏன் ஜாம் ஆகிறது?

பிஸ்டன் அலுமினியம். அது உரசி ஓடும் சிலிண்டர் உட்சுவர் வார்ப்பிரும்பு. சூடானால் அலுமினியம்தான் அதிகம் விரியும். இரண்டுக்கும் இடையே இருப்பதோ முடியின் தடிமனைவிடக் குறைவான இடைவெளி! புது சுவரில் உள்ள மெல்லிய சொரசொரப்பு தேய்ந்து, ரிங் சரியாகப் பொருந்தும்வரை உரசலும் சூடும் அதிகமாகவே இருக்கும். இந்தக் காலம்தான் 'ரன்னிங் இன்'.

முதல் ஸ்டார்ட்

* ஸ்டார்ட் செய்து சில நிமிடங்கள் மட்டும் ஓட விடுங்கள். நின்ற இடத்திலேயே ரொம்ப நேரம் ஓட விட்டால் காற்று படாமல் சூடேறும்.
* ஆஃப் செய்து, கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆற விடுங்கள். இப்படி 2, 3 முறை செய்யுங்கள்.
* ஆறிய பிறகு, ஹெட் நட்டுகள் டைட்டாக இருக்கின்றனவா என்று மெக்கானிக்கிடம் சரிபாருங்கள்.

முதல் 500 கி.மீ.

* ஆக்சிலேட்டரை பாதிக்கு மேல் திருக வேண்டாம். ஒரே வேகத்திலும் ஓட்ட வேண்டாம். ஏற்றி இறக்கி ஓட்டுங்கள்.
* டாப் கியரில் திணற விடாதீர்கள். கியரைக் குறைத்துவிடுங்கள்.
* டபுள்ஸ், நீண்ட மேடு, தொடர்ச்சியான ஹைவே பயணம் வேண்டாம்.
* 500 கி.மீ. தாண்டியதும் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

பலரும் செய்யும் தவறு

டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குத் தேவையான ஆயில், பெட்ரோல் கலவையோடுதான் உள்ளே போகிறது. வேகமாகப் போய் ஆக்சிலேட்டரை சட்டென மூடினாலோ, இறக்கத்தில் மூடியபடியே கியரில் இறங்கினாலோ, இன்ஜின் வேகமாகச் சுற்றும். ஆயில் மட்டும் குறைந்துவிடும். இறக்கத்தில் அவ்வப்போது லேசாக ஆக்சிலேட்டர் கொடுங்கள்.

ஆயில் கூடினால் நல்லதா?

ஓரளவுக்குத்தான். லிட்டருக்கு 40 மி.லி. என்றால் 25-க்கு 1 கலவை. எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பதை மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறினால் பிளக் கரி பிடிக்கும், பெட்ரோலின் பங்கும் குறையும். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயிலைக் கலக்கவே கூடாது.

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம்பழுப்பு நிறம் என்றால் சரி. வெள்ளையாக இருந்தால் இன்ஜின் அதிகம் சூடாகிறது. உடனே கார்புரேட்டரைச் சரிபாருங்கள்.

வண்டி திடீரென இழுவை குறைந்து திணறுகிறதா? உடனே கிளட்ச்சைப் பிடித்து ஓரம் கட்டுங்கள். ஆறும்வரை கிக்கர் அடிக்காதீர்கள்.

ஒவ்வொரு முறை ஜாம் ஆகி ரீபோர் செய்யும்போதும் சிலிண்டர் சுவர் மெலிகிறது. பொதுவாக 0.25 மி.மீ. வீதம் 4 சைஸ் வரைதான் போக முடியும். அதன்பிறகு ஸ்லீவ்வையே மாற்ற வேண்டும். 500 கி.மீ. பொறுமை அதைத் தள்ளிப்போடும்.