உங்களுக்குத் தெரியுமா? உறுத்தல் வேறு, கோளாறு வேறு

இணையத்தில் ஆபாசப் படம் பார்ப்பது எப்போது கோளாறாகிறது? மணிக்கணக்கு மட்டும் அளவுகோல் அல்ல. விட நினைத்தும் விட முடியாமல், வேலையோ குடும்பமோ கெட்டும், 6 மாதமோ அதற்கு மேலோ தொடர வேண்டும். 2022 முதல் நடைமுறையிலுள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் சொல்வது இது. வேடிக்கை என்னவென்றால், சூதாட்டத்தை அடிமைப் பழக்கமாகச் சேர்த்த அதே பட்டியல், இதை அப்படிச் சேர்க்கவில்லை. திருட்டு வெறி, தீ வைக்கும் வெறி ஆகியவற்றுக்குப் பக்கத்தில், உந்துதலை அடக்க முடியாத கோளாறாக வைத்திருக்கிறது.

‘பாவம் செய்துவிட்டோமே’ என்ற உறுத்தல் மட்டும் இருந்தால் அது கோளாறில் சேராது. அமெரிக்க உளவியலாளர் ஜோஷுவா கிரப்ஸ் குழுவின் ஆய்விலும், மதப்பற்று மிகுந்தவர்களே தங்களை ‘அடிமை’ என்று அதிகம் கருதினார்கள். ஆனால் அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகப் பார்த்தவர்கள் அல்ல.